கின்னௌர், ஸ்பிதி: லிஃப்ட் கேட்டே போய்ச் சேர முடியுமா?

கூழாங்கல் | ஜூலை 9

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்ல பதினெட்டு நாள் லீவு கிடைச்சிருக்கு. ஹிமாச்சல்ல கின்னௌர் பக்கம் ரெக்காங் பியோவுல ஆரம்பிச்சு நாக்கோ, அப்புறம் ஸ்பிதி பள்ளத்தாக்குல தாபோ, காசா, குன்சும் கணவாய் வழியா மணாலி போகணும். கூட்டிப் பார்த்தா நானூறு கிலோமீட்டர் வருது. பஸ், டாக்ஸி எதுலயும் ஏறாம முழுக்க லிஃப்ட் கேட்டே போகணும், அதுக்குக் காசும் கொடுக்கக் கூடாதுன்னு மனசுல ஒரு வைராக்கியம். கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி வளைவையும் பால் வண்டி, மிளகு ஏத்தின ஜீப்னு மாறி மாறி ஏறினவன் நான். அந்த ருசி இன்னும் விடல.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. தனி ஆளை ஏத்திக்குவாங்களா? எந்த இடத்துல நிக்கணும்? காசா தாண்டினா வண்டியே இருக்காதுங்கறாங்களே, நிஜமா? ஹிந்தி எனக்கு அரைகுறைதான்.

மலைப்பாதை | ஜூலை 9

தம்பி, அந்தப் பாதையில மூணு தடவை போயிருக்கேன். ரெண்டு தடவை கின்னௌர் பக்கமிருந்து, ஒரு தடவை மணாலி பக்கமிருந்து. கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

நீங்க சொன்ன திசைதான் சரி. பியோ 2,300 மீட்டர், நாக்கோ 3,600, தாபோ 3,300 கிட்ட, காசா 3,600-க்கு மேல. உடம்பு படிப்படியா பழகிடும். மணாலி 2,000 மீட்டர்தான். அங்கிருந்து கிளம்பினா ஒரே பகல்ல 4,500 மீட்டர் தாண்டி குன்சும் உச்சிக்குப் போயிடுவோம். லிஃப்ட் கொடுத்தவர் வண்டியில தலைவலி, வாந்தின்னு சுருண்டு படுத்தா அவருக்கும் சங்கடம். நம்மளை இறக்கி விடவும் அந்த இடத்துல ஊர் இருக்காது.

பியோவிலிருந்து காப் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 5, சட்லஜ் கரையோரமாவே போகும். செப்டம்பர்ல ஆப்பிள் பறிப்பு நடக்கறதால பிக்-அப் வண்டிகளுக்குக் குறைவில்லை. காலையில காலியா மேல போற வண்டியா பார்த்து நில்லுங்க. சாயங்காலம் பெட்டி ஏத்திக்கிட்டு எதிர்த் திசையிலதான் வருவாங்க. ராணுவ லாரிகளுக்குக் கை காட்ட வேண்டாம், அவங்களால ஏத்த முடியாது. காப்லதான் ஸ்பிதி ஆறு சட்லஜ்ல கலக்குது. பாலத்துக்கிட்ட ரோடு பிரிஞ்சு 505 ஆகுது, வண்டி பாதியா குறையுது. அப்புறம் கா-ங்கற ஊர்க்கிட்ட இருக்கற வளைவுகள்ல ஏறி நாக்கோ. நாக்கோவுக்கும் சாங்கோவுக்கும் நடுவுல மல்லிங் சரிவு இருக்கு. எப்போ வேணா கல்லும் மண்ணும் இறங்கற இடம். அங்க நடந்து போகலாம்னு யோசிக்கவே யோசிக்காதீங்க, வண்டியில சேர்ந்தே தாண்டிடுங்க.

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா அந்த ஊர்ல யாருக்கும் விளங்காது, நல்லா இருக்கீங்களான்னு கேக்கற மாதிரி அவங்களும் கையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமா வெச்சு மெல்ல அசைக்கணும், நாம ரோட்டோரம் டவுன் பஸ்ஸை நிறுத்தற மாதிரி. அதைவிட நல்லது வண்டி தானா நிக்கற இடத்துல முகம் பார்த்துக் கேக்கறது. சும்டோ சோதனைச் சாவடி, டீக்கடை வாசல், காசா பெட்ரோல் பங்க், லோசர் போலீஸ் சாவடி. இந்த நாலு இடம் போதும். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம், அடையாள அட்டை மட்டும் கையில இருக்கட்டும்.

இப்ப வைராக்கியத்துக்கு வர்றேன். அதை விட்டுடுங்க. மனசுல பட்டதைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல் தடவை போனப்ப நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். ஆகஸ்ட் மாசம், ஹுர்லிங் தாண்டி ஒரு திருப்பத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒரு போலிரோ கேம்பர் வந்து நின்னுச்சு. பின்னாடி முழுக்கப் பச்சைப் பட்டாணி மூட்டை, முன்னாடி ஒரே ஒரு சீட். ஓடிப்போய் கதவுல கையை வெச்சுட்டேன். டிரைவர் என்னைப் பார்க்கல, எனக்குப் பின்னாடி பார்த்தாரு. ஒரு பாட்டி வந்துக்கிட்டு இருந்தாங்க. முதுகுல கூடை, கையில பெரிய எக்ஸ்ரே கவர், அது காத்துல மடங்காம ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாங்க. எனக்கு முன்னாலிருந்தே அவங்க பாறை நிழல்ல உக்காந்திருந்திருக்காங்க, எனக்குத்தான் தெரியல. டிரைவர் ஒரு வார்த்தை பேசல. விரலால பின்பக்கத்தைக் காட்டினாரு. மூட்டை மேல ஏறிக்கிட்டேன்.

அந்தப் பள்ளத்தாக்குல ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ பஸ்தான். அதை விட்டவங்களுக்கு எதிர்ல வர்ற வண்டிதான் பஸ். ஆஸ்பத்திரிக்கு, ரேஷனுக்கு, ஸ்கூலுக்கு எல்லாம் அப்படித்தான் போறாங்க. நாம ஊர் பார்க்கப் போறவங்க, கடைசி சீட்தான் நமக்கு. பஸ் வந்தா பஸ்ல ஏறுங்க. பஸ்ல இடமிருந்தும் ஏறாம ரோட்டுல நின்னு, இன்னொருத்தர் ஏற வேண்டிய வண்டியில ஏறினா அதுல என்ன வைராக்கியம் இருக்கு?

தேனிக்காரன் | ஜூலை 10

மலைப்பாதை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி போகவே வேண்டாம் என்பது என் கருத்து. 2021 ஆகஸ்ட் 11 அன்று கின்னௌரில் நிகுல்சாரி அருகே மலை சரிந்து அரசு பஸ்ஸும் மற்ற வண்டிகளும் மண்ணுக்குள் போயின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பதினேழு நாள் முன்புதான் சாங்லா பள்ளத்தாக்கில் பாறை உருண்டு சுற்றுலா வேனில் இருந்த ஒன்பது பேர் போனார்கள். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் இருநூறு பேருக்கு மேல் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கள் போடி மெட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் நான் சின்ன வயதில் தொங்கிக்கொண்டே போனவன். அந்த ரோட்டில் ஒவ்வொரு டிரைவரையும் எங்களுக்குத் தெரியும், யார் வேகமாகப் போவார், யார் நிதானம் என்று. தெரியாத ஊரில் அந்த அறிவு நமக்கு இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

மலைப்பாதை | ஜூலை 10

நீங்க சொன்ன மூணு விபத்தும் ஜூலை, ஆகஸ்ட் மழையில நடந்தது. அதனாலதான் செப்டம்பர் பாதிக்கு மேல போகச் சொல்றேன். ஸ்பிதியில மழை குறைவு, ஆனா அங்க போறதுக்குக் கின்னௌர் வழியா வரணும், அங்க மழை உண்டு. மழை பெய்ஞ்ச மறுநாள் எந்த வண்டியிலயும் ஏறாம ஒரு நாள் தங்கிடறது நல்லது. மழை நின்ன பிறகும் கல் நிறைய உருளும். கிளம்பறதும் விடிகாலையில. மதியத்துக்கு மேல காத்து கிளம்பிடும், காத்துல பொடிக் கல் விழ ஆரம்பிக்கும்.

வாய்தா | ஜூலை 11

நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து வழக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாணி மூட்டை மேல் ஏறிப் போவது கேட்க நன்றாக இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிற பயணி விபத்தில் சிக்கினால் இழப்பீடு தரும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குக் கிடையாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. 1994 திருத்தத்துக்குப் பிறகு சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய ஆளுக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு. நீங்கள் இரண்டுமில்லை. அப்போது பாரம் யார் தலையில் விழும்? இரக்கப்பட்டு ஏற்றிய அந்த வண்டிக்காரர் தலையில். அவருடைய போலிரோவையும் நிலத்தையும் விற்றாலும் தீராத தொகையாகக்கூட அது ஆகலாம்.

கார் என்றால் வேறு கதை. முழுக் காப்பீடு இருந்தால் பொதுவாக உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் சேரும். வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் சேராது. வெள்ளை நம்பர் பலகை வண்டிக்காரர் கூலி பேசி ஆள் ஏற்றினால் பெர்மிட் மீறல். ஆகவே காசைக் கையில் திணித்து அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். டீ வாங்கிக் கொடுங்கள், சாப்பாட்டுக் காசை நீங்கள் கொடுங்கள்.

ஸ்டெப்னி | ஜூலை 11

வாய்தா சார் சொன்னது எங்க வீட்டுக் கதை மாதிரி இருக்கு. எங்கப்பா நாமக்கல் வண்டியில முப்பது வருஷம் ஓடினவர். சண்டிகர் வரைக்கும் லோடு இறக்கிட்டு, ரிட்டன் ஆப்பிள் ஏத்த ஹிமாச்சல் அடிவாரத்துல நாள் கணக்கா காத்திருப்பார். ஆள் ஏத்தறதைப் பத்திக் கேட்டா ஒண்ணே ஒண்ணு சொல்வார்: "பகல்ல தூக்கம் வராம இருக்க ஒருத்தனை ஏத்தலாம், ராத்திரியில ஏத்தக் கூடாது." பேச்சுத் துணைக்குத்தான் டிரைவர் ஆள் ஏத்தறார். ஏறினதும் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு தூங்கிட்டா அவருக்கு நம்மால என்ன பிரயோஜனம்? ஹிந்தி அரைகுறைன்னாலும் பேசுங்க. எந்த ஊர், எத்தனை பசங்க, இந்த வருஷம் பட்டாணி என்ன விலைக்குப் போச்சு, இது போதும். அவர் பேச ஆரம்பிச்சா நீங்க "ஹாஞ்சி", அதாவது ஆமாங்கன்னு சொல்லிக்கிட்டே வரலாம்.

இன்னொண்ணு. வளைவுல நிக்காதீங்க. மேடேறும்போது லோடு வண்டியை நிறுத்தினா திரும்ப எடுக்கறதுக்குள்ள டிரைவருக்கு உயிர் போய் உயிர் வரும். மேடு முடிஞ்சு சமதளம் வர்ற இடத்துல, ஓரமா ஒதுங்க இடமிருக்கற பக்கம் நில்லுங்க. இவனுக்கு ரோடு தெரியும்னு அவருக்கும் ஒரு நம்பிக்கை வரும்.

வெண்பனி | ஜூலை 13

தனியாப் போற பெண்களும் இதைப் படிப்பாங்கன்னு எழுதறேன். நான் தனியா ஒன்பது நாள் இந்தப் பாதையில இருந்தேன். எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, பயமா இல்லையான்னு. இருந்துச்சு. அதனாலதான் ஒரு முறை வெச்சுக்கிட்டேன்: ரோட்டுல நின்னு நானா கை காட்ட மாட்டேன். டீக்கடைக்குள்ள போய் உக்காந்து, கடை அம்மாகிட்ட நான் எங்க போகணும்னு சொல்லிடுவேன். அவங்களே வர்ற வண்டியைப் பார்த்து, ஆளைப் பார்த்து, நிறுத்தி ஏத்தி விடுவாங்க. டிரைவர்கிட்ட ரெண்டு வார்த்தை அவங்க மொழியில சொல்வாங்க. அந்த ரெண்டு வார்த்தைக்கு இருக்கற மதிப்பு எந்த ஆப்புக்கும் கிடையாது. ஏன்னா அந்த டிரைவர் நாளைக்கும் அதே கடையில டீ குடிச்சாகணும்.

நம்பர் பலகையை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கன்னு சொல்வாங்க. பாதி தூரத்துக்கு டவர் கிடையாது. நான் ஒரு சின்ன நோட்டுல வண்டி நம்பரையும் நேரத்தையும் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழிச்சு கடையில கொடுத்துட்டு ஏறினேன்.

ஒரு தடவை மட்டும் தப்பா போச்சு. சாங்கோவுல அவசரப்பட்டு நானே ஒரு காரை நிறுத்தி ஏறிட்டேன். உள்ள ஏறின பிறகுதான் சாராய வாடை தெரிஞ்சுது. சும்டோ சாவடி வந்ததும், வாந்தி வருதுன்னு சொல்லி இறங்கி, அங்க இருந்த போலீஸ்காரர் பக்கத்துல போய் நின்னுட்டேன். அவரே அடுத்த பஸ்ல ஏத்தி விட்டாரு. நல்லவேளை பஸ் இருந்துச்சு. அதனாலதான் கூழாங்கல், பஸ்ல ஏற மாட்டேன்னு சபதம் எடுக்கறது எனக்கும் பிடிக்கல.

கூழாங்கல் | ஜூலை 14

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். சபதத்தை விட்டுட்டேன் அண்ணா. அக்கா சொன்ன நோட்டு யோசனையை எடுத்துக்கறேன். தேனிக்காரன் அண்ணா, போகாம இருக்க மனசு வரல, ஆனா செப்டம்பர் 16-க்கு மேலதான் பியோவைத் தாண்டுவேன். குன்சும் பத்தி யாராவது சொல்லுங்களேன்.

மலைப்பாதை | ஜூலை 14

காசாவிலிருந்து லோசர் வரைக்கும் பிரச்சினையில்லை, ஊர்கள் இருக்கு. கீ மடம், கிப்பர் வழியா போனா 2017-ல திறந்த சிச்சம் பாலத்தையும் தாண்டிடலாம். முன்னெல்லாம் அந்தப் பள்ளத்தை ஊர்க்காரங்க கம்பியில தொங்கற தொட்டியில உக்காந்து கடந்தாங்க. கீழ எட்டிப் பார்த்தா வயிறு கலங்கும்.

லோசருக்கு அப்புறம் கிராமமே கிடையாது. குன்சும், படால், சத்ரு, கிராம்ஃபூ. படால்லயும் சத்ருலயும் சீசன் தாபாக்கள் மட்டும். அந்தத் துண்டுல எந்த வண்டியிலயும் "கொஞ்ச தூரம்"னு ஏறாதீங்க. மணாலி இல்லைன்னா குறைஞ்சது கோக்சர் வரைக்கும் போற வண்டியா இருக்கணும். படால் வரைக்கும் வர்றேன்னு சொல்றவர் சந்திரதால் பக்கம் திரும்பிடுவார், நீங்க ஆத்தங்கரையில நிப்பீங்க. பாகல் நாலான்னு ஒரு ஓடை ரோட்டு மேலயே பாயும். பேருக்கே கிறுக்கு ஓடைன்னுதான் அர்த்தம். காலையில கணுக்கால் தண்ணி, வெயில் ஏறி மேல பனி உருகினா மதியம் பாறையை உருட்டும். அதனால காசாவிலிருந்து மணாலி போற ஷேர் சுமோ எல்லாம் விடியும்போதே கிளம்பிடும். மதியம் லோசர்ல நின்னு கை காட்டினா யாரும் வர மாட்டாங்க. முதல் நாள் சாயங்காலமே சாவடிக்கிட்டயும் தாபாவுலயும் விசாரிச்சு வெச்சுடுங்க.

கூழாங்கல் | அக்டோபர் 6

ஊர் வந்து சேர்ந்தேன். மொத்தம் பதினொரு வண்டி: லிஃப்ட் ஏழு, பஸ் மூணு, ஷேர் சுமோ ஒண்ணு.

கின்னௌர்ல லேசா கிடைச்சுது. நாக்கோவுல ஒரு நாள் மழை, அண்ணா சொன்ன மாதிரி மறுநாளும் அங்கேயே இருந்துட்டேன். அன்னிக்கு மல்லிங்ல ரோடு அடைச்சு, மூணு மணி நேரம் ஜேசிபி வேலை செஞ்சதா அப்புறம் தெரிஞ்சுது. தாபோவுல 996-ல கட்டின மடத்துக்குள்ள போனேன். ஜன்னலே இல்லாத மண் சுவர், கண் பழக அஞ்சு நிமிஷம் ஆச்சு, அப்புறம்தான் சுவர் முழுக்க ஓவியம்னு தெரியுது. ஆயிரம் வருஷத்துக்கு மேல அந்த இருட்டுதான் அதைக் காப்பாத்திருக்கு போல. காசாவுல தலைவலி வந்து ரெண்டு நாள் படுத்தேன்.

காசாவிலிருந்து லோசருக்கு ஒரு கேம்பர். டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும். முன்னாடி ஒரு ஸ்கூல் டீச்சரும் அவங்க பொண்ணும். நான் பின்னாடி, வாய்தா சார் சொன்னதை நினைச்சுக்கிட்டேதான் ஏறினேன், அன்னிக்கு வேற வண்டி இல்லை. பாதி வழியில டீச்சர் இறங்கினதும் டிரைவர் முன்னாடி கூப்பிட்டு உக்கார வெச்சுக்கிட்டார். ஸ்டெப்னி அண்ணா, பட்டாணி விலையில ஆரம்பிச்சேன், லோசர் வர்ற வரைக்கும் அவர் பேச்சு நிக்கல. இறங்கும்போது பஸ் சார்ஜ் அளவுக்குக் காசு நீட்டினேன். வேண்டாம்னு என் சட்டைப் பையிலயே திருப்பி வெச்சார். அவர் லோசருக்குள்ள போகாம ரோட்டிலேயே திரும்பணுமாம். ஒரு துணிப்பையைக் கொடுத்து, சாவடிக்குப் பக்கத்துக் கடையில கொடுத்துடுன்னார். கொடுத்தேன்.

மறுநாள் விடிகாலை ஷேர் சுமோவுல ஒரு சீட் காலி, காசு கொடுத்தே ஏறிட்டேன். குன்சும்ல கோயிலை வண்டியோடவே ஒரு சுத்து சுத்தித்தான் கீழ இறங்கறாங்க. பாகல் நாலாவை ஒன்பது மணிக்குத் தாண்டினோம். டிரைவர் ஷூவைக் கழட்டி, பேன்ட்டை மடிச்சுவிட்டு, முதல்ல தானே தண்ணியில நடந்து கடந்தார். காலால தடவித் தடவி எங்க பெரிய கல் இருக்குன்னு பார்த்துட்டு வந்து, அதே தடத்துல வண்டியை விட்டார். கோக்சர், அடல் சுரங்கம். ஒன்பது கிலோமீட்டர் இருட்டு முடிஞ்சு வெளிய வந்தா தேவதாரு மரம், ஈரக் காத்து. பத்து நாளா மரமே சரியா பார்க்காத கண்ணு கலங்கிடுச்சு.

தேனிக்காரன் | அக்டோபர் 6

நல்லபடியாக வந்து சேர்ந்தீர்களே, அது போதும். நாக்கோவில் மறுநாள் தங்கியதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஸ்டெப்னி | அக்டோபர் 7

தம்பி, சந்தோஷம். ஆனா அந்தப் பை விஷயம் எனக்கு உறுத்துது. தெரியாதவர் கொடுத்த பார்சலை வாங்கறது லாரித் தொழில்ல பெரிய தப்பு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எங்கப்பா ஒரு தீப்பெட்டியைக்கூட வாங்கினது இல்லை. சோதனைச் சாவடி பக்கத்துல வேற. படிக்கறவங்க இதை வழக்கமா எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

கூழாங்கல் | அக்டோபர் 7

நீங்க சொல்றது சரிதான் அண்ணா, எழுதும்போது விட்டுட்டேன். கொடுக்கும்போதே அவர் பையைத் திறந்து காட்டினார். மாத்திரை அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும். வாரத்துக்கு ரெண்டு தடவை இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு யார் கையிலயாவது கொடுத்து அனுப்புவாராம். மருந்து வாங்கணும்னா லோசர்க்காரங்க காசா வரைக்கும் வரணும், போக வர ஒரு நாள் போயிடும். கடையில இருந்த வயசானவர் அட்டைகளை வெளிய எடுத்து ஒவ்வொண்ணா எண்ணினார். சீட்டுல இருந்ததோட சரி பார்த்தார். ஒரு அட்டை குறையுது. என் முகம் மாறினதைப் பார்த்து, மருந்துக் கடையில இல்லாம இருந்திருக்கும், நாளைக்கு வேற வண்டியில வரும்னு சொல்லி, எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ. காசு வாங்கல.